ஊர் நடுகல்லைப் படிப்பது எப்படி: ஏரிக்கரை வீரக்கல் முதல் 1914–1919 போர்க்கல் வரை

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ வில்லும் வாளும் ஏந்திய ஒரு உருவம் செதுக்கிய பலகைக்கல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் அது வேடியப்பன் என்று கும்பிடப்படுகிறது. சில இடங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் கிடக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் அந்த ஊருக்காக உயிர்விட்ட ஒரு மனிதனின் நினைவுக்கல், அதாவது நடுகல். போர் நினைவுச்சின்னம் என்றதும் பலருக்கும் நகரத்து மண்டபமும் அணையா விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பழைய போர் நினைவுச்சின்னங்கள் ஊர்ப்புறத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால் அதை எப்படிப் பார்ப்பது, எப்படிப் படிப்பது, எப்படிப் பதிவு செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கைபேசியும் அளவு நாடாவும் போதும்.

முதல் படி: கல் எதற்காக நடப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடுகல் நடுவதற்கு ஒரு முறை இருந்தது. தொல்காப்பியம் புறத்திணையியலில் அது ஆறு கட்டமாக வருகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். பொருத்தமான கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துவரும் பணியைத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று இதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே இந்த வரிசையில்தான் நடக்கின்றன. செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்குச் சிலை எடுத்த கதை அது. ஒரு சிற்றூர்க்காரர்கள் தங்கள் வீரனுக்குச் செய்த அதே சடங்கைத்தான் அரசனும் செய்கிறான்.

கல்லில் என்ன இருக்க வேண்டும் என்பதை அகநானூறு ஒரே அடியில் சொல்லிவிடுகிறது: 'பெயரும் பீடும் எழுதி'. இறந்தவன் பெயர், அவன் செய்த செயலின் பெருமை. வடிவம், உருவம், எழுத்து எல்லாம் இந்த இரண்டைக் காப்பாற்றத்தான். எனவே ஒரு நடுகல் முன் நிற்கும்போது மனதில் இருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இவன் யார், என்ன செய்தான்?

இரண்டாம் படி: கையை வைக்காதீர்கள்

இதை முன்னாலேயே சொல்லக் காரணம், ஆர்வத்தில் முதலில் நடக்கும் தவறுகள்தான் கல்லை அதிகம் கெடுக்கின்றன. எழுத்து தெரியட்டும் என்று சாக்கட்டியாலோ பெயின்டாலோ வரிகளின் மேல் கோடு இழுக்கக் கூடாது. நீங்கள் தவறாக ஊகித்த எழுத்து அப்புறம் எல்லாப் புகைப்படத்திலும் உண்மை எழுத்தாகவே தெரியும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். மாவு பூசிப் படிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். துளைகளில் தங்கும் மாவில் பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும்.

மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீர் தெளித்து, மென்மையான நார்த்தூரிகையால் மேலாகத் துடைத்தால் போதும். பாசி கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கல் பாதி புதைந்திருந்தாலும் தோண்டாதீர்கள். அடியில் வேறு கற்களோ பானை ஓடுகளோ இருக்கலாம். அவை எந்த அடுக்கில் கிடக்கின்றன என்பதே தொல்லியலாளருக்கு ஒரு செய்தி.

வழிபாட்டில் உள்ள கல் என்றால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் அருகே போக வேண்டும். வழிபாட்டைக் குறையாகப் பார்க்கவும் கூடாது. நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் எங்களுக்கு இல்லை, பகையை எதிர்த்து விழுந்தவனின் கல்தான் கடவுள் என்று புறநானூற்றின் 335-ஆம் பாடல் சொல்கிறது. இன்று எண்ணெய் பூசிப் பொங்கல் வைக்கும் பாட்டி அந்தப் பழைய நூலிழையின் இந்த முனையில் நிற்கிறார். பல கற்கள் இன்றுவரை உடைபடாமல் இருப்பதற்கு அவரைப் போன்றவர்கள்தான் காரணம்.

மூன்றாம் படி: இடத்தைப் படியுங்கள்

கல்லை நெருங்குவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று சுற்றிப் பாருங்கள். ஊர் எல்லையா, பழைய வண்டிப்பாதையா, ஏரிக்கரையா, மேய்ச்சல் நிலமா? கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது? பக்கத்தில் வேறு கற்கள் உண்டா? ஒரே சண்டையில் பலர் இறந்திருந்தால் கற்கள் கூட்டமாக இருக்கும்.

ஆநிரை கவர்தலும் மீட்டலும்தான் பெரும்பாலான பழைய நடுகற்களின் கதை. மாடுதான் அன்றைய செல்வம். பகை ஊரின் மாட்டை ஓட்டிப்போவதுதான் போரின் தொடக்கம். ஆகவே கல் நிற்கும் இடத்துக்கும் மாடு மேய்ந்த காட்டுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தொடர்பு கல்லில் எழுதப்பட்டிருக்காது. கல்லை இடம் பெயர்த்து, அழகாக இருக்கட்டும் என்று கோயில் வாசலில் வைத்துவிட்டால் அந்தச் செய்தி முழுதாகப் போய்விடும். ஏற்கெனவே இடம் மாறிய கல் என்றால், முன்பு எங்கே இருந்தது, யார் எப்போது நகர்த்தினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். எனவே இந்த விசாரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான்காம் படி: உருவத்தைப் படியுங்கள்

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. எழுத்தே இல்லாத கற்கள் ஏராளம். அவற்றில் உருவம்தான் முழுக் கதையும் சொல்ல வேண்டும்.

முதலில் கைகள். செங்கம் வட்டாரப் பழைய கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி, கால்களை அகட்டிப் பாயும் நிலையில் இருப்பான். கேடயம் இருக்கிறதா, முதுகில் அம்பறாத்தூணி தெரிகிறதா, இடையில் கச்சும் குறுவாளும் உண்டா என்று பாருங்கள். அடுத்து உடல். மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருந்தால் அது அவன் எப்படி இறந்தான் என்ற நேரடிச் செய்தி. தலைமுடி முடிச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காதணி, கழுத்தணி என்னென்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலம் கணிக்க உதவும்.

பின்னணியை மறக்காதீர்கள். காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரைப் பூசல். ஓரத்தில் சிறிய கெண்டியோ சிமிழோ இருக்கலாம். மேலே குடையும் சாமரமும் இருந்தால் இறந்தவன் மதிப்புப் பெற்றுவிட்டான், சாதாரண மனிதனாக இல்லை என்று பொருள். மேல் ஓரத்தில் பிறையும் சூரியனும் இருந்தால் அவை உள்ளவரை இந்தப் புகழ் நிற்கும் என்று பொருள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் கன்னட நாட்டு வழக்கத்தை ஒட்டி, மூன்று அடுக்காகப் பிரித்த கற்களும் கிடைக்கின்றன. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி வீரனை மேலே அழைத்துப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். சிற்பி மிகக் குறைந்த இடத்தில் மண்ணிலிருந்து விண்ணுக்கு ஒரு முழுப் பயணத்தைக் காட்டிவிடுகிறான். ஊர்ச் சிற்பங்களில் இவ்வளவு தெளிவாகக் கதை சொல்லும் அமைப்பு வேறொன்று இல்லை என்றே நினைக்கிறேன்.

எல்லாக் கல்லும் போர்க்கல் என்று அவசரப்பட வேண்டாம். மனிதன் ஈட்டியால் புலியைக் குத்தும் காட்சி இருந்தால் அது புலிகுத்திக்கல். கொங்குப் பகுதியில் இவை மிகுதி. பன்றியோடு போராடினால் பன்றிகுத்திக்கல். தன் தலைமுடியை ஒரு கையால் பிடித்துத் தன் கழுத்திலேயே வாளை வைத்திருந்தால் அது நவகண்டம் அல்லது அரிகண்டம், கொற்றவைக்குத் தன்னைப் பலியிட்டவனின் கல். பக்கத்தில் ஒரு பெண் உருவம் வளையல் அணிந்த கையை உயர்த்தி நின்றால் கணவனோடு தீப்பாய்ந்தவளின் சதிக்கல். அவளைத் தீப்பாய்ந்த அம்மன் என்று வழிபடும் ஊர்கள் உண்டு.

விலங்குக்கும் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல், பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்தான். அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில் ஒரு சண்டைக் கோழிக்கே கல் இருக்கிறது. பெயரும் பீடும் மனிதனுக்கு மட்டுமே என்று அந்த ஊர்க்காரர்கள் நினைக்கவில்லை.

ஐந்தாம் படி: எழுத்தைப் படியுங்கள்

முதலில் எந்த எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். மிகப் பழையவை தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளவை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த மூன்று கற்கள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றில் உருவம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான். அவற்றில் ஒன்று 'கல் பேடு தீயன் அந்துவன் கூடல் ஊர் ஆகோள்' என்கிறது. கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்துவனின் கல். அவ்வளவுதான் வாசகம், ஆனால் பெயர், ஊர், செயல் மூன்றும் இருக்கின்றன.

அடுத்தது வட்டெழுத்து, வளைந்த வடிவங்கள் கொண்ட பழைய எழுத்து. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் இதில்தான். அதன்பின் இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம். வட்டெழுத்து பழக்கமில்லை என்றால் படிக்க முயலாமல் நல்ல படம் மட்டும் எடுங்கள். தமிழ் எழுத்து என்றால் கொஞ்சம் முயன்று பார்க்கலாம். சில குறிப்புகள்: புள்ளி பெரும்பாலும் இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'ர' எழுத்தும் துணைக்காலும் ஒரே மாதிரி தெரியும்.

வாசகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் சிதைந்த கல்லிலும் எது எங்கே வரும் என்று ஊகிக்கலாம். தொடக்கத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு நாடும் ஊரும், பிறகு யார் மேல் யார் வந்தார்கள் என்பது, பிறகு இறந்தவன் செய்த செயல், அவன் பெயர், கடைசியில் 'கல்'. 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'தொறுக் கொண்ட ஞான்று' என்றால் மந்தையைக் கவர்ந்தபோது. 'பட்டான்' என்றால் இறந்தான். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று இருந்தால் அவன் மீட்கப் போனவன். 'தொறுக் கொண்டு பட்டான்' என்று இருந்தால் கவரப் போனவன். ஆம், கவரப் போய் இறந்தவனுக்கும் அவன் ஊர் கல் வைத்தது.

காலம் கணிக்க முதல் வரி முக்கியம். 'கோவிசைய' என்று தொடங்கினால் பல்லவர் காலம் என்று முதலில் சந்தேகிக்கலாம். 'மதிரைகொண்ட கோப்பரகேசரி' என்றால் 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகன். 'கன்னரதேவர்' என்றால் 10-ஆம் நூற்றாண்டில் வட தமிழகத்தைப் பிடித்த இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன். பிற்காலக் கற்களில் சக ஆண்டு வரும். அதோடு 78 கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும்.

கடைசி வரிகளையும் விடாதீர்கள். 'உதிரப்பட்டி' என்ற சொல் தென்பட்டால், இறந்தவன் குடும்பத்துக்கு ஊர் நிலம் கொடுத்திருக்கிறது என்று பொருள். இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போன்ற எச்சரிக்கையும் சில கல்வெட்டுகளில் தொடரும். கல் நட்டதோடு கடமை முடிந்தது என்று அன்றைய ஊர் நினைக்கவில்லை, பிள்ளைகளின் சோற்றுக்கும் வழி செய்தது. நடுகற்களில் என்னை மிகவும் தொடும் செய்தி இதுதான்.

ஆறாம் படி: படம் எடுங்கள், அளவெடுங்கள்

நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. காலை ஆறரை ஏழு மணிக்கோ மாலை மங்கும் நேரத்திலோ, வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். இன்னும் நல்ல வழி, இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் கைபேசியை அசைக்காமல் எடுப்பது. டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஒரு படத்தில் மறைந்த கீறல் இன்னொன்றில் தெரியும். அளவுகோல் ஒன்றைக் கல்லின் பக்கத்தில் வைத்து முழுக்கல் ஒரு படம், நான்கு பக்கமும் ஒவ்வொன்று, ஒவ்வொரு வரியும் தனித்தனியாக. உயரம், அகலம், தடிமன் மூன்றும் குறியுங்கள். புதைந்திருந்தால் 'தரைக்கு மேல்' என்று எழுதுங்கள்.

மைப்படி எடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து, காய்ந்து வரும்போது மையை ஒற்றி எடுக்கும் முறை அது. கை பழகாதவர் செய்தால் மை கல்லிலேயே ஊறிவிடும்.

ஏழாம் படி: 1914–1919 என்று எழுதிய கல் இருந்தால்

சில ஊர்களில் வேறு வகைக் கல் ஒன்று கிடைக்கும். பழைய சாவடி, பள்ளிச் சுவர், மணிக்கூண்டு போன்ற இடங்களில் பதித்த சிறு பலகை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்கு (முதல் உலகப் போருக்கு) சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். வேலூர் மணிக்கூண்டில் இருப்பது இதுதான்: 277 பேர் சென்றார்கள், 14 பேர் திரும்பவில்லை.

உருவம் இல்லை, செயல் இல்லை, பெயரும் இல்லை. எண்ணிக்கை மட்டும். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரைக்கூட எழுதி வைத்தது. ஒரு பேரரசுக்குத் தனக்காகச் செத்தவனின் பெயரை எழுத மனம் வரவில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

எனவே இந்த வகைக் கல்லில் உங்கள் வேலை பெயர்களைக் கண்டுபிடிப்பதுதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் இருக்கும். ஊர்ப் பெயரை அந்தக் காலத்து ஆங்கிலக் குமாஸ்தா எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்து நாலைந்து விதமாகத் தேடுங்கள். தாலுகா பெயரிலும் தேடுங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன, அதையும் பாருங்கள்.

அப்புறம் வீடு வீடாகக் கேளுங்கள். பழைய பெட்டியில் வெள்ளிப் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். சுமார் 12 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டு இருந்தால் அது இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது, அதில் அவர் பெயர் புடைப்பாக இருக்கும். படைப்பிரிவு தெரிந்தால் அவர் எங்கே போரிட்டார் என்பதும் தெரியவரும். 63-ஆம் பாளையங்கோட்டை காலாட்படை என்றால் கிழக்கு ஆப்பிரிக்கா, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை என்றால் மெசபடோமியா (இன்றைய ஈராக்) என்று தேடலைத் தொடங்கலாம்.

எட்டாம் படி: யாரிடம் சொல்வது

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கற்சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்கள். போர்ப் பலகைகளும் இப்போது அந்த வயதை எட்டிவருகின்றன. மண்ணுக்கு அடியில் புதிதாகக் கிடைத்தது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகம் மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன், இந்தக் கல் ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள். தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பும் மாவட்ட வாரியான கல்வெட்டுத் தொகுதிகளும் நல்ல தொடக்கம். பதிவாகியிருந்தால் ஏமாற்றம் வேண்டாம். அன்று படித்த வாசகத்தோடு இன்றைய கல்லை ஒப்பிட்டு எத்தனை எழுத்து அழிந்திருக்கிறது என்று குறித்தால் அதுவும் பயனுள்ள பதிவு.

கடிதத்தில் ஊர், வட்டம், சர்வே எண், கைபேசியில் எடுத்த இருப்பிடக் குறி, அளவுகள், திசை, படங்கள், ஊரார் சொன்ன கதை, கதை சொன்னவரின் சம்மதம் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் பார்த்தது வேறு, ஊகித்தது வேறு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

பாதுகாப்பு என்றவுடன் சிமென்ட் மேடையும் டைல்ஸும் போட ஊர் முன்வரும். அடிப்பகுதியில் சிமென்ட் பூசினால் கீழ் வரி எழுத்துகள் மறைந்துவிடும், ஈரமும் கல்லுக்குள்ளேயே தங்கும். சுற்றிலும் நீர் தேங்காமல் ஒரு வாய்க்கால், வண்டி மோதாமல் நான்கு கற்தூண்கள், சற்றுத் தள்ளி ஒரு தகவல் பலகை போதும். பலகையில் கல்லின் காலத்தையும் அரசனையும் சிறிதாகப் போட்டு, இறந்தவனின் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.